கால் வெட்டிய கடைசல் மிசின்

தம்பி வீட்டு விறாந்தையில் அப்பாவின் கடைசல் மிசின் வார்னிஷ் பூசி நின்றது.

தொண்ணூறில் சண்டையால் கரண்ட் நின்றதும், அப்பா அதில் தையல் மிசினின் மிதியைப் பூட்டினார். கதிரையில் உட்கார்ந்தபடி மரம் கடைய வேண்டுமென்று அதன் கால்களை அரையடி வெட்டினார். கடைந்தது இரண்டே நாள். மூன்றாம் நாள் வீட்டிலிருந்த ஒரே கதிரையை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய், அதில் இருந்து பேப்பர் விரித்தார். பிறகு நாங்கள் விற்ற கட்டில் கால்களெல்லாம் அம்மாதான் குனிந்து நின்று கடைந்தார்.

"கல்லு வைச்சு உயர்த்தித் தாங்கோவன், நாரி நோகுது" என்று அம்மா இடுப்பைப் பிடித்தபடி கேட்டார்.

"உயர்த்தினா நாளைக்கு நான் எப்பிடி இருந்து கடையிறது?" என்றார் அப்பா. ஐந்து வருடம் அந்தக் கதிரை உள்ளே வரவேயில்லை. தூ!

"அப்பா உதிலை இருந்து கடைஞ்சுதான் எங்களை வளர்த்தவர்" என்று தம்பி இன்று விறாந்தைக்கு வந்தவர்களுக்குச் சொன்னான்.

பக்கத்தில், இன்னும் நிமிராத முதுகோடு நின்ற அம்மா, "ஓம்" என்றார்.