கயிறு பிடித்தவனும் காட்டுப் படமும்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். அப்போது நான் தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்தேன். விடியும் முன் வள்ளம் ஏறினால், சங்கு கிடக்கும் இடம் போய்ச் சேர வெயில் ஏறிவிடும். அங்கே இடுப்பில் கயிற்றைக் கட்டி, காலில் கல்லை மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்க வேண்டும். தரை தட்டியதும் கல்லைக் கழற்றிவிட்டு, மணலில் கிடக்கிற சங்கைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றைச் சுண்டினால், வள்ளத்தில் இருப்பவன் மேலே இழுத்துவிடுவான்.

அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் எங்களில் பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தவனாகத்தான் இருப்பான். கூடப் பிறந்தவள் தாலி அறுந்துவிடக் கூடாதே என்கிற பதைப்பு வேறு யாருக்கு அவ்வளவு இருக்கும்? என் கயிறு என் மச்சினன் கையில் இருந்தது.

தங்கமான பையன். ஒரே கோளாறு, சினிமாப் பைத்தியம். அந்த வருடம் ஊருக்கு வந்த டெண்டுக் கொட்டகையில் ஒரு இங்கிலீஷ் படம் போட்டார்கள். நடுக்காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட ஒரு துரை, புலிக்கும் முதலைக்கும் தப்பி எப்படி உயிரோடு வெளியே வருகிறார் என்பதுதான் கதை. மச்சினன் அந்தப் படமே கதி என்று கிடந்தான். இங்கிலீஷ் ஒரு எழுத்துத் தெரியாது. அதனால் என்ன? வசனத்தை அவனே போட்டுக்கொண்டான். துரை புலியைப் பார்த்து, "ஏலே, ஒனக்கு நான்தான் கெடைச்சனால?" என்று கேட்பார். வள்ளத்தை நடத்துகிற தண்டல்கூட வேலையை மறந்து சிரிப்பார்.

"புலி வந்ததும் துரை மரக்கட்டை மாதிரி நின்னுட்டாரு அத்தான். அசைஞ்சாத்தான் சாவு. அசையாம நின்னா அது மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்று அடிக்கடி சொல்வான். அது எப்படியோ என் மனதில் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்கு முதலைச் சண்டையை ஆரம்பித்திருந்தான். என் முறை வந்துவிட்டது. "மிச்சத்த நான் மேல வந்த பொறவு சொல்லுல" என்று சொல்லிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினேன்.

நாலைந்து சங்கு எடுத்திருப்பேன். தலைக்கு மேல் சட்டென்று இருண்டது. நிமிர்ந்து பார்த்தேன். உழுவைச் சுறா. உடம்பெல்லாம் புலிக்கோடு. எனக்கும் வள்ளத்துக்கும் நடுவில் மெதுவாக வட்டமடித்தது.

அசையாமல் நின்றேன். படத்துப் பேச்சை நம்பி ஒருவன் கடலுக்கடியில் நிற்பானா? நான் நின்றேன். அது ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்று வந்தது. போகிற வழியாக இல்லை. நெஞ்சு எரிய ஆரம்பித்தது. இனித் தாங்காது என்று கயிற்றைச் சுண்டினேன்.

கயிறு தொளதொளவென்று என் கைக்கே வந்தது.

மறுபடி சுண்டினேன். மறுபடியும் அப்படியே வந்தது. மேலே யாரும் இல்லாத மாதிரி இருந்தது. மாதாவே, வள்ளம் போய்விட்டதா? வீட்டில் மாசமாக இருந்த மனைவியின் முகம் கண்ணுக்குள் வந்தது. இப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னும் நான் அறிந்ததில்லை, பின்னும் அறிந்ததில்லை.

பையைக் கழற்றி எறிந்துவிட்டுக் காலை உதைத்து எழும்பினேன். சுறா திரும்பியது. அரம் போல அதன் தோல் என் கெண்டைக்காலை உரசிக்கொண்டு போனது. கண் இருட்டிக்கொண்டு வந்த நேரம் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. வள்ளம் அங்கேயேதான் நின்றது. மச்சினன் எழுந்து நின்று, முதலையின் வாயைத் துரை எப்படிப் பிளந்தார் என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். என் கயிறு அவன் காலடியில் கிடந்தது. மற்றவர்கள் எல்லாரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கத்த எனக்கு மூச்சு இல்லை. நல்லவேளை, தண்டல் தற்செயலாகத் திரும்பினார்.

என்னை வள்ளத்துக்குள் தூக்கிப் போட்டார்கள். காலில் ரத்தம் ஓடியது. மச்சினன் "அத்தான்..." என்றான். அவனை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. "இனி எங் கயித்தத் தொட்டே, கைய வெட்டிப்புடுவேன்" என்றேன். மனைவியிடம் பாறை கிழித்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

அதன் பிறகு அவன் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நான் வேறொரு ஆளை வைத்துக்கொண்டு குளித்தேன். ஆனால் அடியில் கால் பட்டதுமே பயம் பிடித்துக்கொள்ளும். ஒரு சங்குகூட எடுக்காமல் கயிற்றைச் சுண்டிவிடுவேன்.

கொட்டகை ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறது என்றார்கள். என் உயிரைக் குடிக்கப் பார்த்த அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஆத்திரத்தோடு முதல் ஆட்டத்துக்குப் போனேன். தரையில் மணலைக் கூட்டி உட்கார்ந்தேன். புலி வந்தது. துரை அசையாமல் நிற்கவே இல்லை, விழுந்தடித்து ஓடி மரத்தில் ஏறிக்கொண்டார்! அடப்பாவி, அதையும் நீயே இட்டுக்கட்டினாயா என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பீடியைப் பற்றவைத்தேன்.

அப்புறம் முதலை வந்தது. துரை தண்ணீருக்குள் போனார். நானும் போனேன். அவர் மூச்சுக்குத் தவித்தபோது எனக்கும் மூச்சு நின்றது. ஒருவழியாக அவர் கரையேறியதும் பக்கத்தில் இருந்தவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, வெரலப் பாருங்க!"

பீடி அடிவரைக்கும் எரிந்து என் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தது. தோல் கொப்பளித்துவிட்டது. என் கையில் இருந்தது எனக்கே தெரியவில்லை.

மிச்சப் படத்தை நான் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்குப் போய்க் கயிற்றை எடுத்துக்கொண்டு மச்சினன் வீட்டுக்கு நடந்தேன். அவன் முன்னால் அதைப் போட்டு, "நாளைக்கு வாரியால?" என்றேன்.

"வேண்டாம் அத்தான். கயித்தப் பாத்தாலே கை நடுங்குது."

"அந்த நடுங்குத கைதாம்ல எனக்கு வேணும்."

வந்தான். நான் தொழிலை விடும்வரை அவன்தான் பிடித்தான். நான் அடியில் இருக்கும்போது அவன் வாயைத் திறந்ததே இல்லை என்று தண்டல் சொல்வார். காலில் சுறா உரசிய வடு மங்கிவிட்டது. விரலில் பீடி சுட்ட வடு மட்டும் போகவில்லை. யார் மேலாவது கோபத்தில் கையை ஓங்கினால், முதலில் அதுதான் என் கண்ணில் படுகிறது.