உபதேசியார் வாசித்த சீட்டு

சிமெண்ட் தூசியின் மேல் மழையின் முதல் தூறல் விழும்போது எழும் வாசனையை நல்ல வாசனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் நான் ஐந்தாம் வகுப்பு படித்த அந்த வருடம், வயிற்றில் பிள்ளையோடு இருந்த என் அம்மா, மதுக்கரையில் தூறல் போடத் தொடங்கினால் போதும், கையிலிருந்த வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று அதை மூச்சு முட்ட இழுப்பார். அப்பா சிமெண்ட் லாரி ஓட்டுபவர். நாளெல்லாம் அதே தூசியைத் தின்றுவிட்டு வீடு திரும்புகிறவருக்கு இந்த ஆசை கொஞ்சமும் விளங்காது. ஊரில் மசக்கைக்காரிகள் மாங்காய் கேட்பார்கள், நம் வீட்டு அம்மணி சிமெண்ட் மூட்டை கேட்கிறாள் என்று சிரிப்பார்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் இரண்டு எதிர்பார்ப்புகள் இருந்தன. ஒன்று பிள்ளை. இன்னொன்று, கடல் கடந்து போயிருந்த சித்தி. அம்மாவின் ஒரே தங்கையான எஸ்தர் சித்தி இராணுவத்தில் நர்ஸ். சாதாரண நர்ஸ் இல்லை, தோளில் மூன்று நட்சத்திரம் வைத்த கேப்டன். கிணத்துக்கடவுப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று தலைமுறையாகக் கூலிக்குப் போன குடும்பத்திலிருந்து அப்படி ஒருத்தி வந்திருக்கிறாள் என்பதில் எங்களுக்கு இருந்த பெருமையை மறைக்க நாங்கள் ஒருநாளும் முயன்றதில்லை. சித்தியின் சீருடைப் படம் எங்கள் முன்னறையில் இயேசுநாதர் படத்துக்கு அடுத்ததாக மாட்டியிருந்தது. தெருவில் எங்கள் வீட்டுக்கே "கேப்டனம்மா ஊடு" என்றுதான் பெயர். பள்ளியில் எவளாவது என்னோடு சண்டைக்கு வந்தால், என் சித்தி யார் தெரியுமா என்று தொடங்கிவிடுவேன். பாதிச் சண்டை அதிலேயே முடிந்துவிடும்.

அமைதி காக்கும் படையோடு தெற்கு சூடானில் ஒரு மருத்துவமனைக்குப் போகும்படி சித்திக்கு உத்தரவு வந்தபோது அம்மாவுக்கு மூன்றாம் மாதம். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பையன் இறந்தே பிறந்திருந்தான். அப்போது எங்கோ வடக்கே வேலையில் இருந்த சித்தியால் வர முடியவில்லை. இந்த முறை அக்காவின் பக்கத்தில் இருந்தே தீருவேன், வேறு யாரையாவது அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அம்மா விடவில்லை. "உனக்கு வந்ததை என்ற வவுத்துக்காக உட்டுப்போடாதே. நாம யாரு இதுக்கு முன்னால ஏரோப்ளேன்ல போயிருக்கறோம்? நீ போ, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, கட்டாயப்படுத்தித்தான் அனுப்பினார். அனுப்பியவர் தானே என்பதால், தன்னைப் பற்றிய ஒரு கவலையும் அந்தத் தங்கையின் காதுக்குப் போய்விடக் கூடாது என்பதில் அம்மா மிகவும் கண்டிப்பாக இருந்தார். சிக்னல் கிடைக்கிற நாளில் சித்தி கூப்பிடுவார். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நல்லா இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன், பிள்ளை உதைக்கிறது என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டு, அங்கே உனக்கு என்ன சோறு போடுகிறார்கள் என்று பேச்சைத் திருப்பிவிடுவார்.

எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அம்மாவுக்குத் தலைவலி தொடங்கியது. நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு சமைத்தார். கல்யாண மோதிரம் விரலில் இறுகிவிட்டது. சோப்பு போட்டும் கழலவில்லை. ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி, கண் முன்னால் மின்மினி பறக்கிறது என்றார். நான் பயந்துபோய் அவர் முகத்தையே பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, அதுவரை அப்பாவிடமும் சொல்லாதே, அவர் உடனே சித்திக்குச் சொல்லிவிடுவார் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பத்து வயதில் அந்த ரகசியம் எனக்குத் தாங்கமுடியாத சுமை. செத்துப் பிறந்த தம்பியைத் துணியில் சுற்றி எடுத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன். ரெண்டு நாள் யோசித்ததில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. அப்பாவுக்கும் சித்திக்கும் சொல்லக் கூடாது என்பதுதான் அம்மாவின் கட்டளை. ஆண்டவரைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லையே.

எங்கள் கோயில் வாசலில் "விண்ணப்பப் பெட்டி" ஒன்று இருந்தது. ஜெபிக்க வேண்டிய காரியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி அதில் போட்டால், ஞாயிறு ஆராதனையில் உபதேசியார் எடுத்து வாசிப்பார், சபை முழுவதும் ஜெபிக்கும். ஆயருக்குத் துணையாக இருந்த அந்த உபதேசியார் உத்தமமான மனிதர். அவருடைய உத்தமத்தில்தான் எல்லா வம்பும் வந்தது. எழுதியதை எழுதியபடியே வாசிப்பார். ஆண்டவருக்கு எழுதியதில் கை வைக்க நான் யார் என்பது அவர் கட்சி. ஒருமுறை கோழி காணாமல் போனவர் எழுதிய சீட்டை, அவர் சந்தேகப்பட்ட ஆளின் பெயரோடு சேர்த்து வாசித்ததில், திருவிருந்து ஞாயிறு அன்றே சபை இரண்டுபட்டுப்போனது. ஆயர் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தும் அவர் மாறவில்லை. இதெல்லாம் தெரிந்திருந்தும், என் சீட்டு மட்டும் நேராகப் பரலோகத்துக்குப் போய்விடும் என்று நான் எப்படி நம்பினேனோ தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மைக்கைச் சரிசெய்துகொண்டு, கணீரென்ற குரலில் அவர் வாசித்தார்: "ஆண்டவரே, எங்கள் அம்மாவுக்கு நாலு நாளாகத் தலை வலிக்கிறது. கால் வீங்கியிருக்கிறது. மோதிரம் கழலவில்லை. கண் முன்னால் மின்மினி பறக்கிறது என்கிறார்கள். கேப்டன் சித்தியிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்கள். அதனால் உமக்குச் சொல்கிறேன்."

பெயர் எழுதவில்லை என்பதால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஆனால் சபையில் கேப்டன் சித்தி ஒருவர்தானே இருந்தார். பெண்கள் பக்கம் முழுவதும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டு என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். ஆராதனை முடிந்ததும் நாலு பெண்கள் சூழ்ந்துகொண்டு, பித்தமாக இருக்கும், சுக்கு தட்டிப் போட்டுக் குடி என்றார்கள். முகம் கறுத்துப்போன அப்பாவிடம், தலைவலி யாருக்குத்தான் வராது, நாளைக்குக் காலையில் போய்க்கொள்ளலாம் என்று அம்மா சமாதானம் சொன்னார். ஆஸ்பத்திரி காலையில் போகும் இடம் என்கிற வழக்கத்தில் அப்பாவும் சரி என்றுவிட்டார்.

இன்னொன்று எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. வெளியூரில் இருக்கிற சபையாருக்காக வாலிபர் சங்கத்து அண்ணன் ஒருவர் ஆராதனை முழுவதையும் கைபேசியில் பதிவு செய்து, கோயில் விட்டதும் அனுப்பிவிடுவார். தெற்கு சூடானில் ஒரு கூடாரத்தில், வேலைக்குப் போவதற்கு முன் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அதைக் கேட்பது சித்தியின் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்.

நாங்கள் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தபோது அப்பாவின் கைபேசி அடித்தது. சித்திதான். நாளைக்குக் காலையில் கூட்டிப்போகிறோம் என்ற அப்பா, கைபேசியை என் கையில் கொடுத்தார்.

"கண்ணு, சீட்டு எழுதுனது நீதானே? பயப்படாதே. நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லு. அம்மா மூஞ்சி காலைல உப்புன மாதிரி இருக்குதா? மேல் வவுறு வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

ரெண்டுக்கும் ஆமாம் என்றேன். சித்தி ஸ்பீக்கரைப் போடச் சொன்னார். அவளுக்கு அங்கே இருந்துகொண்டு என்ன தெரியும், வீணாகப் பதறுகிறாள் என்று அம்மா முனகியது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"அக்கா, என்னைய நீ அக்காளா இருந்து அனுப்புனே, நான் வந்தேன். இப்ப நான் தங்கச்சியாப் பேசல, நர்ஸாப் பேசறேன். நாளைக்குன்னு சொன்னா நீயும் இருக்கமாட்டே, பிள்ளையும் இருக்காது. கை கழுவு, எந்திரி."

சித்தி அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. அம்மா எழுந்தார். பக்கத்து வீட்டு வேனில் அவர்கள் கோயமுத்தூருக்குப் போக, நான் உபதேசியார் வீட்டில் விடப்பட்டேன். நான் அழுதுகொண்டிருந்ததற்குக் காரணம் பயம் மட்டுமில்லை, சத்தியத்தை உடைத்துவிட்ட குற்றமும்தான். உபதேசியார் எனக்கு எதிரில் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, வாசித்திருக்கக் கூடாதோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருந்தது. அவர் மனைவி ரெண்டு பேருக்கும் சேர்த்து டீ போட்டுக் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் அப்பா கூப்பிட்டார். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்ததாம். இன்னும் சில மணி நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று சொல்லி உடனே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். தம்பி பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். அம்மா பிழைத்துக்கொண்டார். உபதேசியார் எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் அழுதது எனக்கு வெளியே கேட்டது.

ஐந்து மாதம் கழித்துச் சித்தி வந்தபிறகுதான் தம்பிக்கு ஞானஸ்நானம். பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்த சித்தியை அம்மா கட்டவிடவில்லை. சீருடையில்தான் வர வேண்டும், ஊர் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். மூன்று நட்சத்திரம் மின்ன, ஞானத்தாயாகச் சித்தி பிள்ளையை ஏந்தி நின்றபோது, அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தச் சீட்டைப் பற்றி அவர் அதுவரை என்னைத் திட்டவுமில்லை, பாராட்டவுமில்லை. அப்போதுதான் குனிந்து, "நல்ல வேலை செஞ்சே அம்மணி" என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ பரிசு வாங்கிவிட்டேன். அதற்கு ஈடாக ஒன்றையும் சொல்லமாட்டேன்.

இன்று அந்தப் பெட்டி இல்லை. விண்ணப்பங்களை ஒரு எண்ணுக்கு அனுப்பினால், ஆயர் வடிகட்டி, பெயரையும் நோயையும் நீக்கிவிட்டு, "உடல் சுகவீனத்தில் இருக்கும் சகோதரிக்காக" என்று நாகரிகமாக வாசிக்கிறார். அதுதான் சரி, என் வீட்டு விஷயத்தை நாளைக்கு ஊர் கேட்க நானும் விரும்பமாட்டேன். உபதேசியார் காலமாகிவிட்டார். சித்திக்குப் பதவி உயர்ந்துவிட்டது. அப்பாவும் லாரியை விட்டுவிட்டார். ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட தம்பி மட்டும், புதிதாக யார் வீட்டுக்கு வந்தாலும் முன்னறையில் இருக்கும் சித்தியின் படத்தைக் காட்டி, "இவங்க ஆப்பிரிக்கால இருந்துட்டே என்னையப் பெத்தாங்க" என்கிறான். அம்மா பக்கத்திலேயே நிற்பார். இதுவரை அவனைத் திருத்தியதில்லை.