விஸ்கான்சின் முடிவும் எங்கள் சவ வண்டியும்

1988 மார்ச் 26, சனிக்கிழமை. அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தது. அன்று மிச்சிகனில் ஒரு கறுப்பினப் போதகர் வென்றார். என் டைரியில் இது மறுநாள் பக்கத்தில்தான் இருக்கிறது. செய்தி என் டிரான்சிஸ்டருக்கு வந்தது குருத்து ஞாயிறு அன்று.

அப்போது நான் காரைக்காலில் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வயதானவர்கள் அதை இன்னமும் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பெயரில் 'எத்தா சிவில்' என்றுதான் சொல்வார்கள். எங்கள் கத்தோலிக்கர் அடக்கச் சங்கத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் வேலையும் என்னுடையது. சாவு விழுந்த வீட்டுக்குச் சங்கத்தின் சவ வண்டியை அனுப்புவதும், கல்லறைக் குழிக்கு ஆள் ஏற்பாடு செய்வதும் சங்கத்தின் பொறுப்பு. கறுப்பு வண்ணம் அடித்த நான்கு சக்கர வண்டி, கையால் தள்ளுவது. அது நிற்கும் கொட்டகையின் சாவி செயலாளரிடம் இருக்கும்.

அந்த வண்டி எல்லாத் தெருவுக்கும் போகும், சேரித் தெரு ஒன்றைத் தவிர. அந்தத் தெருவின் முகப்பில் ஒரு மதகு உண்டு. வண்டி மதகுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். உடலை அவர்கள் தூக்கிக்கொண்டு வந்து ஏற்ற வேண்டும். அவர்களும் எங்களைப் போலவே சந்தா கட்டிய உறுப்பினர்கள். சங்க விதிகளைத் தொடக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்திருக்கிறேன். மதகைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தத் தெருவில் பிறந்து, வேலை கிடைத்தபின் நான் இருந்த கோவில்பத்தில் குடியேறியவர் என் நண்பர். அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். தினமும் காலையில் இருவரும் ஒன்றாகத்தான் சைக்கிளில் ஊருக்குள் வருவோம். அவருடைய அம்மா மட்டும் பழைய வீட்டை விட்டு வர மறுத்துவிட்டார். அந்தப் பங்குனியில் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். செயலாளர் பதவிக்கு நிற்கப் போவதாக நண்பர் சொன்னபோது காரணத்தை ஒளிக்கவில்லை.

"எங்கப்பா செத்தப்ப மதகுலதான் நின்னுச்சு. அம்மாவுக்கு வாசல்ல வந்து நிக்கணும் சார். சாவி என் கையில இருந்தா நான் தள்ளிக்கிட்டு வந்துருவேன்."

தேர்தல் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. எதிரில் நின்றவர் ஒரு ஜவுளிக்கடைக்காரர்.

சங்கத்துக்காரர்கள் ஐந்தாறு பேர் மாலையில் கோவிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் கூடுவார்கள். மிச்சிகன் செய்தியை அங்கே சொன்னேன். முதலில் சிரித்தார்கள்.

"ஒரே கட்சிக்காரன் ஒரே கட்சிக்காரனோட மோதுறானா? நம்ம ஊரு மாரிதான் இருக்கு."

"நீங்க சொல்லுங்க சார். வெள்ளக்காரன் கறுப்பனுக்குப் போடுவானா?"

மிச்சிகனில் கொஞ்சம் பேர் போட்டிருக்கிறார்கள் என்றேன். அடுத்த பெரிய போட்டி விஸ்கான்சின், ஏப்ரல் 5; அங்கே வெள்ளைக்காரர்களே மிகுதி; கூட்டங்களில் அவருக்கு நல்ல வரவேற்பு என்று செய்தி வருகிறது. அதன்பின் அவர்களுக்கு விஸ்கான்சின் சொந்த ஊரைப்போல ஆகிவிட்டது. பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்து வெளியே வரும்போதுகூட ஒருவர் என் தோளைத் தட்டி, "நம்மாளு எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

ஏப்ரல் 6, புதன் காலை முடிவு தெரிந்தது. போதகரை எதிர்த்து நின்ற மாசசூசெட்ஸ் ஆளுநர் தெளிவாக வென்றிருந்தார். போதகரின் கூட்டத்துக்குத் திரண்டு வந்து கைதட்டிய வெள்ளையர்களில் பலர் வாக்குச்சாவடிக்குள் வேறு பெயரைக் குறித்திருக்கிறார்கள். போதகரைப் பிடிக்கும், ஆனால் நவம்பர் அதிபர் தேர்தலில் அவரால் ஜெயிக்க முடியாது என்பது அங்கே பலரும் சொன்ன காரணம். கறுப்பு வேட்பாளரைப் பற்றிக் கேட்டால் மக்கள் வெளியே ஒன்று சொல்லி உள்ளே ஒன்று செய்வதுண்டு என்று ஆங்கிலப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரையை வெட்டி டைரியில் ஒட்டி வைத்தேன்.

டீக்கடையில் அன்று கோபம்.

"அவ்வளவு படிச்ச நாடு. தோலப் பாத்து ஓட்டுப் போடுறானுங்களே."

"கை தட்டிட்டுக் கழுத்தறுக்குறது. இதுக்கு மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னுட்டுப் போயிரலாம்."

இதைச் சொன்னவர்கள் எல்லோரும் என் நண்பருக்குத்தான் ஓட்டு என்று அவரிடமே சொல்லியிருந்தார்கள்.

எங்கள் சங்கத்தில் அதுவரை கை தூக்கித்தான் தேர்தல். தலைவர் பெயரைப் படிப்பார், கைகளை எண்ணுவார்கள். அயோவா மாநிலத்திலும் இப்படித்தான், அண்டை வீட்டார் பார்க்க வேட்பாளர்வாரியாகப் பிரிந்து நிற்பார்கள் என்று படித்திருந்தேன். எனக்கு அது நாகரிகமாகப் படவில்லை. ஜவுளிக்கடைக்காரருக்கு வேண்டியவர்கள் பெரிய ஆட்கள். அவர்கள் பார்க்கிறார்கள் என்று பயந்து சிலர் கையைத் தூக்காமல் விடலாம். சீட்டு முறை வந்தால் மனசாட்சிப்படி போடுவார்கள். நண்பரைக் கலக்காமலே ஞாயிறு அன்று தேர்தல் கூட்டத்தில் எழுந்து இதைப் பேசினேன். நாகரிக நாடுகளில் வாக்கு என்பது இரகசியம் என்றேன். தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டதே எனக்குப் பெருமையாக இருந்தது. நண்பர் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஐம்பத்திரண்டு சீட்டுகள். நண்பருக்குப் பதினான்கு. சேரித் தெருவிலிருந்து வந்திருந்தவர்கள் மட்டுமே பதினோரு பேர்.

கூட்டம் முடிந்ததும் டீக்கடை ஆட்கள் ஒவ்வொருவராக வந்து அவர் கையைப் பிடித்து வருத்தம் சொன்னார்கள். நான் போட்டேன் சார், யாரு கவுத்தாங்கன்னு தெரியல, என்றார்கள். அவர் எல்லோருக்கும் நன்றி சொன்னார்.

கோவில்பத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். பாதி வழிக்கு மேல் அவர் பேசினார்.

"கையத் தூக்கச் சொல்லியிருந்தா முப்பது கை ஏறியிருக்கும். என்னைப் பாத்துக்கிட்டு எவனும் கீழ வச்சிருக்க மாட்டான்."

"அது வெட்கத்துக்குத் தூக்குற கை சார். மனசார போட்ட ஓட்டா ஆயிடுமா?" என்றேன்.

"மனசு யாருக்கு வேணும் சார்? வண்டி வந்திருக்கும்ல."



நான் யாருக்குப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத்தான் போட்டேன். அதைச் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் முன்னால்தான் அதே வார்த்தையை அத்தனை பேர் அவரிடம் சொல்லிப் போயிருந்தார்கள். என் வார்த்தையை அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு வழியும் இல்லாதபடி செய்தவன் நானே.

மறு வாரம் நிர்வாகக் குழுவில், கை தூக்கும் முறைக்கே திரும்பலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். தலைவர் என் குறிப்பேட்டைத் திறந்து, நாகரிக நாடுகள் பற்றி நான் பேசியதை என் கையெழுத்திலேயே வாசித்தார். தீர்மானம் விழுந்தது.

நவம்பரில், அடைமழை நாளில், அவருடைய அம்மா இறந்தார். நான் வீட்டுக்குப் போனபோது நண்பர் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கவில்லை. ஆனாலும் சாவுச் செய்தி கேட்டுச் சங்கம் அனுப்பிய வண்டி வந்து மதகுக்கு இந்தப் பக்கம் நின்றது. தள்ளுபவர்கள் இருவரும் குடை பிடித்தபடி காத்திருந்தார்கள். நண்பரும் அவர் உறவினர்களும் பெட்டியைத் தோளில் தூக்கி மதகைத் தாண்டினார்கள். வண்டிக்காரர் ஒருவர் பின்பக்கத் தாழ்ப்பாளைத் திறந்தார். அவர்கள் நிற்கவில்லை. வண்டியைக் கடந்து கல்லறைத் தோட்டம் வரை தோளிலேயே கொண்டுபோனார்கள், ஏறக்குறைய ஒன்றரை மைல். வழியில் ஒருவர் தோள் மாற்ற ஆள் கேட்டார். நான் போய் நின்றேன். நண்பர் முன்னால் இருந்தார். பின்னால் யார் மாறியது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை.