கிராமர் சார் விலை சொன்னது

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்குக் கிராமர் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த மாணவன், வெளியே நின்ற நண்பனிடம், "சார் இஸ் ஹேவிங் ஃபீவர்" என்று கிசுகிசுக்க, கண்ணைத் திறக்காமலே "ஹேஸ்" என்று திருத்தினாராம். அந்தக் கதை உண்மையா என்று கேட்டால் அவர் ஆமென்றும் சொல்ல மாட்டார், இல்லையென்றும் சொல்ல மாட்டார். மீசையைத் தடவிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற மறு வருஷமே மனைவி போய்ச் சேர்ந்தாள். ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான். "தனியா உக்காந்து என்னப்பா பண்ணப்போறீங்க?" என்று எல்லாம் முடிந்த கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

வீடு ஐந்தாவது மாடியில். காலையில் அங்கே ஒரே அமளியாக இருக்கும். மகன் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளன். மருமகளுக்கு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பேத்திக்கு ஒரு கால் உறையைக் காணோம் என்று தேடி, கிடைத்ததும் மூன்று பேரும் ஒன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அந்த வீட்டில் பேசுவதற்கு ஆள் கிடையாது. பேப்பரை விளம்பரம் விடாமல் படிப்பார். ஜன்னலில் நின்று, கீழே பஸ் நிறுத்தத்தில் ஏறி இறங்குபவர்களைப் பார்ப்பார். மூன்றாவது மாதம் சட்டையை இஸ்திரி போடுவதை நிறுத்திவிட்டார். அதைக் கவனித்தவள் மருமகள்தான்.

"மாமா, இந்தக் கட்டடத்துல நம்ம பாஷைக்காரங்க எவ்வளவோ பேரு. எல்லாருக்கும் இங்கிலீஷ்தான் பிரச்சினை. நீங்க சொல்லிக் குடுக்கலாமே?" என்றாள்.

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. வேலை செய்ய அனுமதி வாங்கும் காகித வேலைகளை மகன் பார்த்துக்கொண்டான். ஒன்றே ஒன்றுதான் இடித்தது, எவ்வளவு பணம் கேட்பது? வாழ்நாளில் அவர் எதற்கும் விலை சொன்னதில்லை. முதல் தேதி சம்பளம் வரும். டியூஷனுக்குக் கை நீட்டியதில்லை என்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"சும்மாவே சொல்லித் தரேனே" என்றார்.

"சும்மான்னா ஒருத்தரும் நேரத்துக்கு வரமாட்டாங்கப்பா. ஏதாவது ஒண்ணு போடுங்க" என்றான் மகன்.

கீழே ஒரு காபிக் கடை இருந்தது. ஒரு காபி என்ன விலையோ அதையே ஒரு மணி நேரத்துக்கு என்று எழுதி, தரைத்தளத்தில் தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில் குத்தி வைத்தார். அப்போதுதான் பக்கத்தில் இன்னொரு சீட்டைப் பார்த்தார். தண்ணீர் பட்டாலும் கெடாதபடி பிளாஸ்டிக் உறை போட்டது. ஆங்கிலம், பேச்சுப் பயிற்சி, வேலைக்கான தேர்வு, இரண்டாவது மாடி. கேட்டிருந்த விலை எட்டு காபிக்குச் சமம்.

"பகல் கொள்ளையா இருக்கே" என்றார், அன்று சாயங்காலம் மருமகளிடம்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இல்ல மாமா. இங்க அதுதான் நடப்பு விலை. என்கூட வேல பாக்கிற பொண்ணும் அவங்ககிட்டதான் படிச்சா, தேர்வு பாஸ் பண்ணிட்டா. நீங்க போட்டிருக்கிறது ரொம்பக் கம்மி."

"நான் என்ன கடையா வச்சிருக்கேன்?"

மருமகள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். மாமனாரின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஒரு களை வந்திருந்தது. அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆட்கள் வந்தார்கள். முதலில் நகரப் பஸ் ஓட்டுகிற ஒருவர். பிறகு மருந்துக்கடையில் நிற்கும் பெண். அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கிற ஓர் அம்மாள். அவர்கள் சொல்லி இன்னும் பலர். சமையலறை மேஜை போதாமல் மகன் மடக்கு நாற்காலிகள் வாங்கிப் போட்டான். கிராமர் சார் மறுபடியும் மடிப்புக் கலையாத சட்டையில் நின்றார். வினைச்சொல்லின் காலங்களைப் பற்றி முப்பது வருஷமாகச் சொன்னதையே அதே ஏற்ற இறக்கத்தோடு சொன்னார். யாரும் எழுந்து போகவில்லை. பழம் கொண்டுவந்து வைத்தார்கள். "சார் மாதிரி ஒரு மனுஷனைப் பாத்ததில்ல" என்று லிஃப்டில் பேசிக்கொண்டது அவர் காதிலும் விழுந்தது. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவர் வாய் ஓயவே இல்லை.

ஒரு நாள் பஸ்காரர் சொன்னார். "முன்னாடி நான் ரெண்டாவது மாடி டீச்சர்கிட்டதான் சார் படிச்சேன். நல்லாத்தான் சொல்லித் தருவாங்க. ஆனா இங்க பீஸ் அதுல பாதிக்குப் பாதிகூட இல்லையே. எல்லாருமே இங்க வந்துட்டோம்."

கிராமர் சாருக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

அந்த டீச்சரை அவர் லிஃப்டில் பார்த்திருக்கிறார். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கையைப் பிடித்தபடி எப்போதும் ஒரு சின்னப் பெண் குழந்தை. புருஷன் இன்னொரு நகரத்துக்கு வேலை தேடிப் போனவன், திரும்பவில்லை என்று பேச்சு. பார்க்கும்போதெல்லாம் அவள் தலையசைப்பாள், இவரும் அசைப்பார்.

ஒரு பிற்பகல், வகுப்பு இல்லாத நேரத்தில், அவளே வந்து மணி அடித்தாள்.

"உள்ள வரலாமா சார்?"

வந்தவள் மடக்கு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். கிராமர் சார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது. பதில்களைத் தயார் செய்துகொண்டார்.

"இந்த மாசக் கடைசில நான் வீட்டைக் காலி பண்றேன் சார். என்கிட்ட ரெண்டு பேர் மிச்சம் இருக்காங்க. அவங்களை உங்ககிட்ட அனுப்பலாம்னு இருக்கேன். அதான், அவங்களைப் பத்திச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவர் இதற்குத் தயாராக இல்லை.

"ஒருத்தங்க நர்ஸ். எழுதச் சொன்னா பிரமாதமா எழுதுவாங்க. போன்ல பேசணும்னா நடுங்குவாங்க. முகத்தைப் பாத்துப் பேசிப் பழக்காதீங்க சார், அது அவங்களுக்கு ஏற்கெனவே வரும். முதுகோட முதுகு காட்டி உக்காந்து பேசுங்க. ரெண்டு வாரத்துல பயம் தெளிஞ்சிரும். இன்னொருத்தர் ஓட்டல்ல சமைக்கிறவர். அவருக்கு தர்ட்டீன், தர்ட்டி ரெண்டும் ஒண்ணாத்தான் காதுல விழும். ஆர்டர் தப்பாப் போயி திட்டு வாங்குறாரு. சீட்டுல எழுதிக் காட்டினா பிரயோஜனம் இல்ல, கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கச் சொல்லணும்."

அவள் சொல்லச் சொல்ல அவருக்கு ஒன்று உறைத்தது. தன்னிடம் வருகிற யாரைப் பற்றியும் இப்படி இரண்டு வாக்கியம் தன்னால் சொல்ல முடியாது. பஸ்காரருக்கு எது வராது என்று கேட்டால் தெரியாது. எல்லாருக்கும் ஒரே பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்மா காலி பண்றே?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது என்று கேட்ட பிறகு தோன்றியது.

"வாடகை கட்ட முடியல சார்." சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"பாரும்மா, என்கிட்ட வர்றவங்க எல்லாம் பாவப்பட்டவங்க. அவங்ககிட்ட நான் எப்படி அவ்வளவு கேக்கிறது?"

"பஸ் ஓட்டுறாரே, அவருக்குப் பீஸ் அவங்க கம்பெனி குடுக்குது சார். ரசீது குடுத்தாப் போதும். மருந்துக்கடைப் பொண்ணுக்கும் அப்படித்தான். பெருக்குற அம்மா ஒருத்தங்கதான் நிஜமாவே கஷ்டப்படுறவங்க. அவங்ககிட்ட நான் வாங்கினதே இல்ல."

கிராமர் சார் மேஜையைப் பார்த்தார். அந்த அம்மாளிடம் ஒவ்வொரு முறையும் அவர் காபி விலையை வாங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு மணி நேரத்துக்குத்தான் விலை போட்டிருக்கீங்க. எனக்கு அந்த ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி தயார் பண்ண ஒரு மணி நேரம் ஆகும். குழந்தைக்குக் காய்ச்சல்னா அன்னிக்கு வருமானம் இல்ல. அவங்க வரலைன்னாலும் இல்ல. லீவு கிடையாது, வயசானா பென்ஷன் கிடையாது. இதெல்லாம் சேந்ததுதான் அந்த விலை. நான் யாரையும் ஏமாத்தல."

"ஏமாத்துறேன்னு யாரும்மா சொன்னா?" என்றார். பகல் கொள்ளை என்று சொன்னது அவர்தான்.

"நீங்க நல்லவர் சார். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. உங்களுக்குப் பையன் வீடு இருக்கு, பென்ஷன் வருது. அதனால நல்லவரா இருக்க முடியுது."

அவள் எழுந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, தம்ளரைத் தானே தொட்டியில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அன்று சாப்பிடும்போது அவர் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று மகன் கேட்டான். மருமகள் மட்டும், பேத்தியைத் தூங்கவைத்துவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்தாள்.

"ஒருத்தி வயித்துல அடிச்சிட்டேம்மா" என்றார். "எனக்குப் பொழுது போகலைங்கிறதுக்காக."

முதலிலேயே சொன்னேனே என்று அவள் சொல்லிக்காட்டவில்லை. அவருக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாளே எல்லாரையும் டீச்சரிடம் திருப்பி அனுப்பிவிடலாம் என்று நினைத்தார். சிலரிடம் சொல்லியும் பார்த்தார். சிரித்தார்கள். "நீங்க இருக்கும்போது அங்க எதுக்கு சார்?" என்றார்கள். அவளும் அதற்குள் இன்னொரு ஊரில் பொருள்களைப் பெட்டியில் கட்டி அடுக்கும் வேலைக்கு ஒத்துக்கொண்டுவிட்டாள். ஒரு மாதம் முன்னால் இந்தப் புத்தி வந்திருந்தால் நடந்திருக்கலாம்.

அவள் காலி செய்த அன்று அவர் கீழே போனார். வாடகை வேன் நின்றது. பெரிய சாமான் ஒன்றும் இல்லை. ஒரு கட்டில், துணிப் பெட்டிகள், ஒரு வெள்ளைப் பலகை. பலகையின் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். குழந்தை வேனின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, பெல்ட் போடத் தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றார்.

அவள் குனிந்து குழந்தைக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டாள். "அது வேண்டாம் சார். விலையை ஏத்துங்க. எனக்காக இல்ல. நாளைக்கு இங்க இன்னொருத்தி வருவா."

வேன் போன பிறகு அவர் அறிவிப்புப் பலகையின் முன்னால் போய் நின்றார். அவளுடைய சீட்டு இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் பளிச்சென்று இருந்தது. தன் சீட்டைப் பிடுங்கினார். புதிதாக எழுதியதில் அவள் போட்டிருந்த விலையையே போட்டார்.

எழுதுவது சுலபமாக இருந்தது. வாயால் சொல்வதுதான் கஷ்டம். அடுத்த வகுப்பில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னபோது அவருக்குக் காதெல்லாம் சூடானது. முப்பது வருஷம் வகுப்பில் நின்ற மனிதர், முதல் நாள் வேலைக்கு வந்தவரைப் போலத் தடுமாறினார். மருந்துக்கடைப் பெண் போகும்போது, "உங்களை நாங்க வேற மாதிரி நெனச்சோம் சார்" என்றாள்.

பெருக்குகிற அம்மாளை மட்டும் தனியாக நிறுத்தி, "உங்களுக்கு இனிமே ஒண்ணும் கெடையாது. இதுவரைக்கும் வாங்கினது இந்தாங்க" என்று ஓர் உறையைக் கொடுத்தார். அவள் வாங்க மறுத்தாள். "சும்மா படிக்கக் கூச்சப்பட்டுத்தான் ரெண்டாவது மாடிலேர்ந்து இங்க வந்தேன். குடுத்துதான் படிச்சேன் சார், அது இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு மூன்று வகுப்புக்கு வந்தாள். அப்புறம் நேரம் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு மாதத்தில் நாற்காலிகள் மடக்கியபடி சுவரோரம் சாய்ந்துவிட்டன. லிஃப்டில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிழவருக்குப் பணத்தாசை வந்துவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பி, மகன் காது வரை வந்தது. "பழைய விலையே போட்டுருங்கப்பா, எதுக்கு வம்பு?" என்றான் அவன்.

"வேண்டாம்ப்பா" என்றார் கிராமர் சார். காரணம் சொல்லவில்லை. தனக்குக் கிடைத்த பேரும் பழமும் பாராட்டும் எல்லாம் யாருடைய கணக்கில் வந்தவை என்று மகனுக்கு விளக்க அவருக்கு வாய் வரவில்லை.

நர்ஸ் மட்டும் வந்துகொண்டிருந்தாள். அவளோடு முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்தார். அந்த வயதில் அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னபடியே ஆயிற்று. நர்ஸுக்கு நடுக்கம் விட்டது. சமையல்காரரைப் பற்றி டீச்சருக்குப் போன் செய்தார். "அவருக்கு உன் குரல் பழகியிருக்கும்மா. போன்லயே நீ சொல்லிக் குடுத்தா என்ன?" என்று கேட்டார். மறுமுனையில் பெட்டிகள் உருளும் சத்தம். வேலை முடிந்து சாயங்காலம் நேரம் இருக்கிறது, பார்க்கிறேன் என்றாள். அப்படியே சொல்லியும் கொடுத்தாள். அதற்குப் பிறகு விசாரித்து வந்த இன்னும் இரண்டு பேரையும் அவளிடமே திருப்பிவிட்டார். அவள் நன்றி சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. அந்த ஊரில் குழந்தையைப் பள்ளியில் சேர்த்துவிட்டாள் என்று பிறகு மருமகள் மூலம் தெரிந்தது. அந்தக் கட்டடத்துக்கு அவள் திரும்பி வரவே இல்லை.

மழைக்காலம் முடியும் சமயத்தில் பஸ்காரர் வந்தார். கம்பெனியில் பேசிவிட்டாராம், ரசீது வேண்டுமாம். ரசீதுப் புத்தகம் வாங்கி வைத்தார் கிராமர் சார். இரண்டாவது வகுப்பின் நடுவில் பஸ்காரர் கையைத் தூக்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. முன்னாடியும் இதேதான் நடத்தினீங்க. எனக்கு இது வேண்டாம். வண்டி பாதி வழியில நின்னு போச்சுன்னா பயணிங்ககிட்ட என்ன சொல்றது? அவங்க கத்தினா என்ன சொல்றது? அது வேணும்."

முப்பது வருஷத்தில் ஒரு மாணவன் அவரிடம் இப்படிச் சொன்னதில்லை. காபி விலைக்கு வந்துகொண்டிருந்தபோது இதே மனிதர் பேசாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குறைந்த விலைக்கு யாரும் குறை சொல்வதில்லை. இவ்வளவு நாளும் அது தன்னைத்தான் காப்பாற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கோபம் வந்தது, விழுங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் காலையில், வீட்டார் மூவரும் போன பிறகு, அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி, பஸ்காரர் ஓட்டும் வண்டியில் ஏறினார். ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து, கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்பினார். ஏறுகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், பஸ்காரர் என்ன பதில் சொல்கிறார், எங்கே தடுக்குகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். வாரம் முழுக்க அதை வைத்துப் பாடம் தயார் செய்தார். வகுப்பில் அவரே கோபக்காரப் பயணியாக எழுந்து நின்று கத்தினார். பஸ்காரர் இரண்டு முறை திணறி, மூன்றாவது முறை நிதானமாகப் பதில் சொன்னார்.

முடிந்ததும் பஸ்காரர் பணத்தை நீட்டினார். கிராமர் சார் வாங்கிக்கொண்டு, ரசீது எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

"வர்ற வாரம் ஒரு கால் மணி நேரம் முன்னாடி வாங்க" என்றார். "டிக்கெட் இல்லாம ஏறுறவங்களைப் பத்திப் பேசணும்."