அல்போன்ஸ் சொன்ன ஆமா

எங்க வீட்டுக்காரர் அல்போன்ஸ் வாயிலேர்ந்து ரெண்டு வார்த்தைதான் வரும். ஒண்ணு ஆமா, இன்னொண்ணு சரி. பாக்குறவங்க தங்கமான மனுஷன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கூடக் குப்பை கொட்டுற எனக்குத்தான தெரியும்! அரியாங்குப்பத்துல எங்க தெருவுல யாரை வேணா கேட்டுப் பாருங்க, பெர்னதெத் வீட்டுல சண்டைன்னா ஒரு குரல்தான் கேக்கும்பாங்க.

பதினஞ்சு வருஷம் ஒரு மில்லுல தறி ஓடுற கொட்டகையில வேலை பாத்தாரு. அதை மூடினதும் சேதராப்பட்டுல ஒரு மாத்திரை கம்பெனியில சூப்பர்வைசரா சேர்ந்தாரு. சம்பளம் ஏற ஏற வருமான வரியும் ஏறிச்சு. பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு வந்திச்சே, நான் சொல்றது அதுக்கு முன்னாடி நடந்தது.

நான் சொல்லப்போறதுக்கு முந்தின வருஷம் ஆடிட்டர் கலைவாணன்கிட்ட இவரு தனியா போனாரு. அவரு "சார், புது முறையிலயே கணக்கு போட்டுடலாமா?"ன்னு கேட்டிருக்காரு. இவரு ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டாரு. வீட்டுக் கடனுக்கும் எல்ஐசிக்கும் கழிவு கெடைக்கிறது பழைய முறையிலதான். அரை பவுன் வாங்குற காசு பொசுக்குன்னு போச்சு. எனக்கு வயிறு எரிஞ்சுது. தவக்காலத்துல கோவப்படக் கூடாதுன்னு சாமியார் பிரசங்கம் வெக்கிறாரு. தவக்காலமும் வரிக் கணக்கும் ஒரே நேரத்துல வந்தா நான் என்னதான் பண்றது, மாதாவே!

அதனால இந்தத் தடவை நானும் கூடவே போறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மார்ச் பொறந்ததுலேர்ந்து எனக்கு உக்காந்தா உக்கார முடியல, நின்னா நிக்க முடியல. எல்ஐசி ரசீது, பேங்குல குடுத்த வட்டிச் சீட்டு, பொண்ணு ஜெர்லின் காலேஜு பீசு ரசீது எல்லாத்தையும் ஒரு பையில போடுவேன். போட்டதை எடுத்து மறுபடி பாப்பேன். அடுப்புல பால் பொங்கி வழியும், நான் பையத் தொறந்துக்கிட்டு நிப்பேன்.

ஆடிட்டர் ரூம்ல போய் உக்காந்ததும் அவரு சிரிச்சிக்கிட்டே, "பொண்ணு எத்தினாவது வருஷம் சார்?"ன்னு கேட்டாரு.

"ஆமா சார்"னாரு இவரு.

நான் தலையில அடிச்சிக்கிட்டேன். ஆடிட்டர் பேனாவக் கீழ வெச்சிட்டு என் பக்கம் திரும்பினாரு. "அம்மா, சாருக்குக் காது கேக்கலபோல இருக்கு. நல்லாவே கேக்காதவங்களுக்கு வரியில தனியா ஒரு கழிவு உண்டு. கவர்மென்ட் ஆஸ்பத்திரி சர்ட்டிபிகேட் வேணும். மாசக் கடைசியில மறுபடி டைம் தரேன், அதுக்குள்ள வாங்கப் பாருங்க."

கொஞ்சம் மந்தம்னு எனக்கும் தெரியும். ஆனா இவரு வேணும்னேதான் காதுல போட்டுக்கலன்னு நெனச்சிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மனுஷனுக்கு வந்துச்சே ஒரு கோவம். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. செவிடன்னு எழுதி வாங்கிக்கிட்டு கம்பெனியில போய் நிக்கச் சொல்றியா?"

நானும் விடல. சோறு போடும்போது சொன்னேன், துணி காயப்போடும்போது சொன்னேன். ஒரு நாள் சரின்னுட்டாரு.

ஆஸ்பத்திரியில காது டெஸ்ட் எடுக்குற பொண்ணு இவரக் கண்ணாடி சன்னல் வெச்ச சின்ன ரூம்ல உக்கார வெச்சி, காதுல ஹெட்போனை மாட்டினா. சத்தம் கேட்டா கையத் தூக்கணும், அவ்ளோதான். நான் சன்னலுக்கு இந்தாண்ட நின்னேன். இவரு கையத் தூக்கினாரு. மறுபடி தூக்கினாரு. தூக்கிக்கிட்டே இருந்தாரு. காது நல்லா கேக்குதுன்னு வந்துட்டா ஆடிட்டர்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுப் போறது?

அந்தப் பொண்ணு மெஷினை நிறுத்திட்டு என்னப் பாத்தா. "நான் சத்தமே குடுக்கலம்மா. சும்மா சும்மா கையத் தூக்குறாரு."

நான் கதவத் தள்ளிக்கிட்டு உள்ள போனேன். "கேக்கலன்னா கேக்கலன்னு இருங்களேன்! யாரை ஏமாத்துறீங்க?"

அவரு மெதுவா ஹெட்போனைக் கழட்டினாரு. "நீ பாத்துக்கிட்டே நிக்கிறியே பெர்னா. கேக்கலன்னா நீ கத்துவ. அதான்."

சுருக்குன்னு குத்திச்சு. காசு, சர்ட்டிபிகேட், ஆடிட்டர் எல்லாம் மறந்தே போச்சு. இவரு ஆமா சொன்னதெல்லாம் எனக்குப் பயந்துக்கிட்டா? வெளிய வந்து, அவரு கண்ணுல படாத எடமா பெஞ்சுல போய் உக்காந்தேன்.

முடிஞ்சதும் அந்தப் பொண்ணு வந்து சொன்னா: "கிட்டத்தட்ட ரெண்டு காதும் போயிடுச்சும்மா. உங்க வாயப் பாத்துத்தான் இத்தினி நாளா பதில் சொல்லிட்டிருந்திருக்காரு. முதுகுப் பக்கம் நின்னு பேசினா ஒண்ணும் கேக்காது. சர்ட்டிபிகேட்டு கண்டிப்பா கெடைச்சிடும், கவலப்படாதீங்க."

திரும்பி அரியாங்குப்பம் பாலத்து மேல வரும்போது வண்டியில பின்னாடி உக்காந்துக்கிட்டு அழுதேன். கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நான் மனசு விட்டுப் பேசினதெல்லாம் இந்த வண்டியிலதான். வீட்டுல மாமியாரு இருந்தாங்க, அப்புறம் பொண்ணு வளந்துட்டா. எங்கம்மா செத்த துக்கம், கர்ப்பப்பை ஆபரேஷன் பயம், எல்லாத்தையும் இவரு முதுகுகிட்டதான் சொன்னேன். தலைய ஆட்டிக்கிட்டே ஓட்டுவாரு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் இதே பாலத்து மேல, "நான் போய்ச் சேந்துட்டா வேற கல்யாணம் பண்ணிக்குவீங்களா?"ன்னு கேட்டேன். அதுக்கும் ஆமாங்குற மாதிரி தலைய ஆட்டினாரு. ஏழெட்டு வருஷமாச்சு, அந்த ஆத்திரம் இன்னிக்கு வரைக்கும் என் நெஞ்சுல இருக்கு.

தோளத் தட்டி வண்டிய ஓரங்கட்டச் சொன்னேன். எறங்கி அவரு எதிர்ல வந்து நின்னேன்.

"வண்டியில நான் பேசினதெல்லாம் உங்களுக்கு...?"

"நீ பேசுறது முதுகுல தெரியும்"னாரு. "என்ன பேசுறன்னு தெரியாது. தெரியுறப்போல்லாம் தலைய ஆட்டுவேன்."

பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சிக்கிட்டே ஒரசிக்கிட்டுப் போனான். நான் நகரல. அவரு மூஞ்சியப் பாத்து அந்தக் கேள்விய மறுபடி கேட்டேன்.

"எப்ப கேட்ட இத?"

"ஆபரேஷனுக்கு முந்தின நாள்."

"நான் என்ன சொன்னேன்?"

"தலைய ஆட்டினீங்க."

அவரு மொகம் அப்படியே சுருங்கிப் போச்சு. ஹேண்டில விட்டுட்டு என் கையப் புடிச்சிக்கிட்டாரு.

"அத மனசுல வெச்சிக்கிட்டா இத்தினி வருஷம் எனக்குச் சோறு போட்ட?"ன்னு கேட்டாரு.