மூச்சில் ராகி

இன்பராஜின் வலது கால் ஆடாமல் நின்று, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் யாரும் பார்த்ததில்லை. கோயிலில் ஆடும், சோற்றுத் தட்டின் முன்னால் ஆடும், பெண்டாட்டி திட்டும்போது இன்னும் வேகமாக ஆடும். பூமிக்கடியில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு. மேலே வந்தால் மனுஷன் ஓரிடத்தில் இருக்கமாட்டார். "செத்த குந்துய்யா!" என்று கத்திக் கத்தியே ஐடாவுக்குத் தொண்டை வறண்டுபோனது.

சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில் அவருக்கு வயிற்றுப்புண் முற்றியது. அதற்கு ஒரு கிருமிதான் காரணம் என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கிருமி சாகாவிட்டால் ஆபரேஷன். ஐடாவின் அப்பா அப்படித்தான் வயிற்று ஆபரேஷனுக்குப் போனார், பெட்டியில் வந்தார். அந்த வார்த்தையைக் கேட்டாலே அவள் சிலுவை போட்டுக்கொள்வாள்.

கிருமி செத்ததா என்று மூச்சை வைத்தே சொல்லிவிடலாம் என்றாள் டாக்டர் நேத்ரா.

"யூரியா கலந்த தண்ணி குடிக்கணும். அதுல இருக்கிற கார்பன் சாதாரணத்தைவிடக் கொஞ்சம் கனம், அடையாளத்துக்காகச் சேர்த்தது. கிருமி இருந்தா யூரியாவை உடைக்கும், அந்தக் கனமான கார்பன் மூச்சுல வந்துடும், மெஷின் பிடிச்சிடும். ஆனா மூணு நாளைக்கு ராகி, சோளம், சர்க்கரை, வெல்லம் எதுவும் கூடாது. அந்தப் பயிர்கள்ல கனமான கார்பன் இயல்பாவே கொஞ்சம் ஜாஸ்தி. ரிசல்ட் தப்பா வந்துடும்."

ராகிக் களி இல்லாமல் ஒரு வேளை தாங்காத ஆள்! ஐடா ராகி மாவு டப்பாவைத் தூக்கிப் பக்கத்து வீட்டுப் பார்வதம்மாவிடம் கொடுத்துவிட்டு, மூன்று நாளும் வெறும் அரிசிக் கஞ்சியே ஊற்றினாள். லீவு போடச் சொன்னதற்கு மட்டும் அவர் மசியவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்த கையோடு ரயிலேறிப் போய், யூரியாத் தண்ணி குடிக்கும் முன் ஒரு பையிலும் குடித்த பின் இன்னொரு பையிலும் ஊதிவிட்டு வந்தார்.

அடுத்த வாரம் ரிசல்ட் கேட்க இருவருமாகப் போனார்கள்.

"கிருமி இருக்கிற மாதிரிதான் காட்டுது. சர்ஜன்கிட்ட அனுப்பணும்" என்றாள் நேத்ரா. பிறகு தாளை மறுபடி பார்த்தாள். "ஆனா யூரியா குடிக்கிறதுக்கு முன்னாடி ஊதினதுலயே கனம் ஜாஸ்தியா இருக்கே. ராகி ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"ஐயையோ! மாதா மேல சத்தியமா இல்ல டாக்டரம்மா. ஊட்டுல ஒரு பிடி மாவு இல்ல" என்று முந்திக்கொண்டாள் ஐடா.

நேத்ரா சர்ஜனுக்குச் சீட்டு எழுதத் தொடங்கினாள். அப்போதுதான் ஐடாவுக்கு என்னவோ உறுத்தியது. உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிரவில்லை. குனிந்து பார்த்தாள். அவர் கால் கல் மாதிரி அசையாமல் நின்றிருந்தது.

"யோவ், இன்னா துன்ன?"

இன்பராஜ் தலையைத் தூக்கவில்லை. "கூட்டாளி கோவிந்தன் கேரியர்ல ஒரே ஒரு களி உருண்டை. ஷிஃப்ட் முடியற நேரம். வவுறு பத்திக்கினு எரிஞ்சுது ஐடா."

"அத்த சொல்றதுக்கு இன்னா? வவுத்தக் கீறி இருப்பாங்களேய்யா, பாவி!"

"நீ மாதா மேல சத்தியம் பண்ணிட்ட. டாக்டரம்மா முன்னாடி உன்னப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா?"

ஐடாவுக்கு அவரை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. நேத்ரா சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுபடி ஊத நாள் குறித்தாள்.

இந்தத் தடவை ஐடா அவரை வேலைக்கே விடவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து தரையைத் தேய்த்தார் மனுஷன். அவள் அடுப்பை விட்டு எழுந்திருக்கவே பயந்தாள்.

மறுபடி ரிசல்ட் அன்று, "ராகி?" என்று கேட்டாள் நேத்ரா.

"இல்லீங்க" என்றார் இன்பராஜ். ஐடா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசைக்கடியில் பார்த்தாள். ஜோராக ஆடிக்கொண்டிருந்தது.

"கிருமி போயிடுச்சு. ஆபரேஷன் வேண்டாம்" என்றாள் நேத்ரா. ஐடா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

திரும்பும் ரயிலில் பெஞ்சே ஆட்டங்கண்டது. எதிரே உட்கார்ந்திருந்தவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, அவரைக் கொஞ்சம் காலை நிறுத்தச் சொல்லுங்களேன்" என்றார்.

ஐடா அந்த ஆளை ஒரு முறை முறைத்தாள்.

"ஆடட்டும் உடுங்க. உங்களுக்கு இன்னா போச்சு?"