உதட்டுக்குள் ஒரு கருநீலப் புடைப்பு

பட்டாசு ஊர் நிருபர் தீக்குப் பயப்படலாம், வெடிச் சத்தத்துக்குப் பயப்படலாம். தன் வாய்க்கே பயந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். கதவைத் தாழிட்டுக்கொண்டு கண்ணாடி முன் நாக்கைத் தூக்கிப் பார்த்தவர்கள் வேறு யாரும் இருந்தால், இது அவர்களுக்கு.

கேட்டில்

ஆலைக்குள் செய்தி சேகரிக்கப் போனால் வாட்ச்மேன் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். தீப்பெட்டி, பீடி எதுவும் உள்ளே போகாது. அதனால் அங்கே பலருக்கும் வாயில் புகையிலை. நானும் சிகரெட்டை விட்டு அவர்களோடு சேர்ந்துகொண்டேன். இடது கன்னத்தில் ஒரு சிட்டிகை அடக்கினால்தான் எனக்கு வாக்கியம் ஓடும்.

அன்று வெளியே வந்து துப்பிவிட்டு, பைக் கண்ணாடியில் வாயைத் துடைக்கும்போது பார்த்தேன். கீழுதட்டின் உள்பக்கம் மிளகு அளவில் கருநீலப் புடைப்பு. வலி இல்லை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், பேனாவக் கடிச்சுட்டீகளா?"

நாக்குக்கு அடியில்

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் நாக்கைத் தூக்கினேன். அடியில் இரண்டு பக்கமும் நீல நரம்புகள் மண்புழுவைப் போலப் புடைத்து நெளிந்திருந்தன. எப்போது வந்தவையோ. ஐம்பத்தாறு வயது வரை அங்கே பார்க்கும் அவசியம் எனக்கு வந்ததில்லை. உதட்டில் தொடங்கிய புற்றுநோய் உள்ளே வேர் விட்டுவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வெளியே மனைவி சரோஜா கதவைத் தட்டினாள்.

"உள்ள என்ன செய்யிறீக இம்புட்டு நேரம்? சோறு ஆறுது, வாங்க!"

வேப்பமரத்துக்குப் பின்னால்

அந்த வாரமே சாத்தூர் பக்கம் ஓர் ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையிலிருந்து புகை வந்தது. நானும் புகைப்படக்காரன் பாண்டியும் போனபோது வேலையாட்கள் எல்லாரும் வெளியே ஓடி வந்திருந்தார்கள். பாண்டி கேமராவைப் புகையை நோக்கித் திருப்பினான். நானும் அதையே பார்த்தபடி, நாக்கால் உதட்டுப் புடைப்பைத் தடவிக்கொண்டு நின்றேன். போர்மேன் ஓடி வந்து எங்கள் சட்டையைப் பிடித்து வேப்பமரத்துக்குப் பின்னால் இழுத்தார்.

மறுகணம், புகையே இல்லாத பக்கத்து அறை வெடித்துக் கூரை பறந்தது. யாருக்கும் காயமில்லை. எங்களைப் பார்த்துப் போர்மேன் கத்தினார்.

"பொகையிறதையே வாயப் பொளந்து பாக்கீகளே! பக்கத்துல சும்மா கெடக்குறத யாரு பாக்குறது?"

பாண்டியின் ஆறுதல்

திரும்பும் வழியில் டீக்கடையில் பாண்டியிடம் மட்டும் உதட்டைப் பிதுக்கிக் காட்டினேன். உடனே படம் எடுத்து, பெரிதாக்கிக் காட்டினான். மிளகு நாவல் பழமாகிவிட்டது. டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா, சரோஜாவப் பாத்துக்கப்பா" என்றேன். அவன் என் தோளில் கை போட்டான்.

"கவலைப்படாதீகண்ணே, போன மாசம் எடுத்ததுல உங்க மொகம் மட்டும் தனியா, அம்புட்டு அம்சமா ஒண்ணு வச்சிருக்கேன்."

கண்ணாடித் துண்டு

மறுநாள் விருதுநகரில் ஒரு பல் டாக்டரிடம் போனேன். பக்கத்து ஊரான மல்லாங்கிணற்றுப் பெண், என் மகள் வயது இருக்கும். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை என் உதட்டில் வைத்து அழுத்தி, கைக்கண்ணாடியில் பார்க்கச் சொன்னார். கருநீலம் வெளுத்து மறைந்தது. எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தது. விரிந்த ரத்தக் குழாயில் ரத்தம் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். நாக்குக்கு அடியில் இருப்பவை வயதானால் பலருக்கும் புடைக்கும் ரத்த நாளங்களாம். இரண்டும் ஆபத்தில்லை.

கண்ணில் நீர் முட்டியது. நாற்காலியை விட்டு எழுந்தேன். அவர் விளக்கை அணைக்கவில்லை. உட்காரச் சொல்லி, விரலால் என் இடது கன்னத்தை விலக்கினார். நான் தினமும் புகையிலை அடக்கும் அதே இடத்தில், சுருங்கிய வெள்ளைத் திட்டு. அத்தனை நாள் கண்ணாடி பார்த்தும் என் கண்ணில் படாதது. அவர் அங்கேயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க காட்டினது ஒண்ணுமில்ல சார். இதுலதான் ஒரு துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

டெஸ்ட் முடிவு இன்னும் வரவில்லை. கன்னத்தில் எதையும் அடக்காமல் நான் எழுதும் முதல் கட்டுரை இது என்பதால், வாக்கியங்கள் எங்காவது நடுங்கியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.